சார்ல்ஸ்டன் பழைய வீடுகள் ஏன் தெருவுக்கு முகம் காட்டாமல் திரும்பி நிற்கின்றன?

நடைப்பிரியன் (கேள்வி):

வணக்கம். போன மாதம் குடும்பத்தோடு தென் கரோலினாவில் இருக்கும் சார்ல்ஸ்டனுக்குப் போய் வந்தோம். பிராட் தெருவுக்குத் தெற்கே உள்ள பழைய குடியிருப்புப் பகுதியில் கால் வலிக்க நடந்தோம். சில விஷயங்கள் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கின்றன. இங்கே கட்டடக்கலை தெரிந்தவர்கள் சிலர் இருப்பதால் கேட்கிறேன்.

முதலில் அந்த வாசற்கதவு. வீட்டின் ஒடுங்கிய பக்கம்தான் தெருவைப் பார்த்து இருக்கிறது, அதில் தூண் வைத்து, மேலே அரைவட்டக் கண்ணாடி வைத்து அம்சமாக ஒரு கதவு. அது திறந்திருந்த ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தால் உள்ளே அறையே இல்லை, நீளமாக ஒரு வராந்தா, அதற்கு அந்தப் பக்கம் தோட்டம்! வீட்டுக்குள் போகும் நிஜக் கதவு அந்த வராந்தாவின் நடுவில் இருக்கிறது. ஏன் இப்படி? குதிரை வண்டியில் வந்த வழிகாட்டி, அந்தக் காலத்தில் தெருமுகப்பின் அகலத்தைப் பார்த்து வரி போட்டார்கள், அதனால்தான் வீட்டைத் திருப்பிக் கட்டினார்கள் என்றார். நம்பலாமா? எனக்கென்னவோ நம் ஊர்த் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், நிறைய வீட்டுச் சுவர்களில் இரும்பு வட்டங்களும் நட்சத்திரங்களும் பதித்திருக்கிறார்கள். அலங்காரமா, வேறு ஏதாவதா?

கடைசியாக என் மனைவி கேட்டது. இத்தனை வீடுகள் இத்தனை வருஷம் ஒரு தெரு கூடக் குலையாமல் எப்படி நிற்கின்றன, சட்டம் போட்டுக் காப்பாற்றினார்களா, இல்லை சுற்றுலாக்காரர்களுக்காகப் பின்னால் ஜோடித்ததா?

சுண்ணாம்புக்காரை:

வரிக் கதையை விட்டுவிடுங்கள். சார்ல்ஸ்டனில் எல்லா வழிகாட்டியும் சொல்லுவார், ஆனால் அப்படி ஒரு வரி இருந்ததற்கு ஆவணம் எதுவும் கிடைத்ததில்லை. கொஞ்சம் யோசித்தாலே இடிக்கும். வரி போடுவதென்றால் மனையின் அகலத்துக்குத்தானே போடுவார்கள், வீட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் தோட்டத்துக்கு இடம் விட்டால் அந்த அகலமும் கணக்கில் வந்துவிடாதா?

நீங்கள் பார்த்த வீட்டை அங்கே சிங்கிள் ஹவுஸ் என்பார்கள். அகலத்தில் ஒரே ஒரு அறை, அதனால் அந்தப் பெயர். ஒரு மாடிக்கு இரண்டு அறைகள், நடுவில் மாடிப்படியோடு ஒரு கூடம், அவ்வளவுதான் அமைப்பு. இரண்டு மாடியோ மூன்று மாடியோ, இதே வரைபடம் மேலே மேலே ஏறும். அந்த வராந்தாவுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பியாசா. அதுவும் மாடிக்கு மாடி ஒன்றின் மேல் ஒன்றாக வரும்.

ஊரின் வரைபடத்தைப் பார்த்தால் மனை ஏன் ஒடுங்கியது என்று புரியும். 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறியவர்கள், 1680இல் ஆஷ்லிக்கும் கூப்பருக்கும் நடுவில் இருக்கும் இந்த முனைக்கு இடம் மாறினார்கள். இரண்டு பக்கமும் ஆறு, முன்னால் துறைமுகம், நடுநடுவே சதுப்பும் ஓடைகளும், நிலம் கொஞ்சம்தான். தெருவில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பதால் மனைகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டன. அப்படிப்பட்ட மனையில் தெருவை அடைத்துக் கட்டினால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் வந்துவிடும், முன்னும் பின்னும் மட்டும்தான் ஜன்னல். லண்டனில் அப்படி வாழலாம். சார்ல்ஸ்டன் ஜூலையில் முடியாது! வீட்டைத் திருப்பி வைத்து, ஒரு பக்கம் இடம் விட்டால், ஒவ்வொரு அறைக்கும் குறைந்தது இரண்டு மூன்று பக்கம் ஜன்னல் கிடைக்கிறது. அறை ஒன்றின் அகலம்தான் வீட்டின் அகலம் என்பதால் இந்தப் பக்கம் நுழையும் காற்று எதிலும் முட்டாமல் அந்தப் பக்கம் போய்விடும்.

பியாசா எந்தப் பக்கம் இருக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. வடக்கு தெற்காக ஓடும் தெரு என்றால் (சர்ச் தெரு மாதிரி) பியாசா தெற்குப் பார்க்கும். கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்றால் (டிராட் தெரு மாதிரி) பெரும்பாலும் மேற்குப் பார்க்கும். கோடையில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் இரண்டு வகையிலும் அது தோட்டத்தைத் தாண்டி பியாசாவுக்குள் வரும், அதே நேரம் சாய்வெயில் அறைச் சுவரில் நேரடியாக விழாமல் பியாசாவின் கூரை தாங்கிக்கொள்ளும். பணக்கார வீடுகளில் விருந்தினரை உட்கார வைக்கும் பெரிய அறை கீழே இல்லாமல் மாடியில் இருப்பதைக் கவனித்தீர்களா? புழுதி, சத்தம், நாற்றம் எல்லாம் கீழே, காற்று மேலே.

திண்ணை ஒப்பீட்டை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். திண்ணை தெருவுக்குச் சொந்தமானது, வழிப்போக்கன் கூடக் கேட்காமல் உட்காரலாம். பியாசாவுக்கு முன்னால் கதவைப் போட்டு அடைத்துவிட்டார்கள் பாருங்கள், அது வீட்டுக்காரருக்கு மட்டும். அந்தக் கதவு திறந்திருந்தால் வரலாம், மூடியிருந்தால் வராதே என்று அர்த்தம் என்பார்கள். அதுவும் வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வதுதான், ஆனால் இது வரிக் கதை போல அபத்தம் இல்லை.

ஒரு விஷயம். ஆரம்பகால சிங்கிள் ஹவுஸ்களில் பியாசா கிடையாது. சர்ச் தெரு 71ஆம் எண்ணில் இருக்கும் ராபர்ட் ப்ரூட்டன் வீடுதான் இப்போது நிற்பவற்றில் மிகப் பழைய சிங்கிள் ஹவுஸ் என்பார்கள், 1740க்கு முந்தையது. பியாசா ஊரெங்கும் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், பல வீடுகளில் அது பிறகு ஒட்டவைத்ததுதான். சில வீடுகளில் தெருவை ஒட்டிய கீழறை கடையாகவோ அலுவலகமாகவோ இருந்தது, அதற்கு நேராகத் தெருவில் இருந்தே தனிக் கதவு.

வடக்குச்சன்னல்:

மேலே சொன்னதோடு பக்கத்து வீட்டு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பியாசா தெற்குப் பார்த்தால், தெற்கே இருக்கும் வீட்டின் வடக்குச் சுவர் உங்கள் தோட்டத்தின் எல்லையில் நிற்கும். அந்தச் சுவரில் ஜன்னல்கள் குறைவாக, சிறியதாக இருக்கும், உங்கள் பியாசாவையும் தோட்டத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது ஊர் மரியாதை. ஆக ஒவ்வொரு வீடும் ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் முதுகு. வரிசையாக எல்லா வீடும் ஒரே திசையில் திரும்பி நிற்பதால்தான் இது நடக்கிறது, நடுவில் ஒருவர் மட்டும் மாற்றிக் கட்டினால் இரண்டு பேர் நிம்மதி போய்விடும்.

இந்த வகை வீடு எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆரம்பத்தில் வந்து குடியேறியவர்களில் நிறையப் பேர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள், அங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, இங்கிலாந்து நகர வீட்டை இந்த மனைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி இங்கேயே மாற்றிக்கொண்டார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

பழையசாவி:

எல்லோரும் காற்று, காற்று என்று பேசுகிறீர்கள். தெருவில் நின்று பார்த்தால் அந்த மனையில் பாதிதான் தெரியும்.

சிங்கிள் ஹவுஸ் என்பது ஒரு வீடு மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் அதே கோட்டில் சமையல் கட்டு தனிக் கட்டடமாக, அப்புறம் துணி துவைக்கும் இடம், குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, இவற்றின் மாடிகளில் அடிமைகள் தங்கும் அறைகள். சுற்றி உயரமான மதில். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சார்ல்ஸ்டன் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். முதலாளி காற்று வாங்கிய பியாசாவிலிருந்து அந்த முற்றம் முழுக்கக் கண்ணில் படும், முற்றத்தில் இருப்பவர்கள் வெளியே போக வேண்டும் என்றால் வீட்டின் பக்கவாட்டில் அந்தப் பார்வையின் கீழேதான் நடந்து போக வேண்டும். காற்றுக்காக மட்டும் போட்ட வரைபடம் என்று சொன்னால் எனக்குத் தொண்டையில் இறங்காது.

கிங் தெரு 27ஆம் எண், மைல்ஸ் ப்ரூட்டன் வீடு, அதன் இரும்பு வேலியின் மேல் முள் முள்ளாகக் கூர்க்கம்பிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1822இல் டென்மார்க் வீஸி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகப் பிடித்து, அவரையும் அவரோடு முப்பதுக்கும் மேற்பட்டவர்களையும் தூக்கிலிட்டார்கள். அந்தப் பயத்தில் வந்தவை அந்தக் கம்பிகள். இன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

செங்கல்லையும் சொல்ல வேண்டும். ஊரைச் சுற்றி ஆற்றோரத் தோட்டங்களில் அடிமைகள் அறுத்த செங்கல்தான் இந்தச் சுவர்கள். சில கற்களில் ஈரமாக இருந்தபோது பதிந்த விரல் தடம் அப்படியே இருக்கிறது, சிலது குழந்தைகளுடையது என்று அளவைப் பார்த்தாலே தெரியும். தச்சு, பூச்சு, கொல்லு வேலை, எல்லாவற்றிலும் அவர்கள் கை. அந்தக் கை 20ஆம் நூற்றாண்டிலும் நிற்கவில்லை, ஊரில் நீங்கள் ரசித்த இரும்பு கேட்டுகளில் நிறைய பிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர் செய்தவை. 1912இல் பிறந்து 2009 வரை வாழ்ந்தவர், 1982இல் தேசிய மரபுக் கலைஞர் விருது வாங்கியவர்.

நடைப்பிரியன்:

பழையசாவி, நன்றி. அந்த முள்வேலி முன்னால் நாங்களும் படம் எடுத்தோம். வழிகாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்கட்டை உள்ளே போய்ப் பார்க்க முடிகிற வீடு இருக்கிறதா? அந்த இரும்பு வட்டங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரை:

இரும்பு வட்டம் எனக்குப் பிடித்த விஷயம், விரிவாகவே சொல்கிறேன்.

1886 ஆகஸ்ட் 31 இரவு, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய நிலநடுக்கம். ரிக்டர் அளவுகோலெல்லாம் வராத காலம், பின்னால் மதிப்பிட்டு 7க்குப் பக்கத்தில் என்கிறார்கள். ஊரில் சேதமில்லாத செங்கல் கட்டடமே அபூர்வம். செங்கல் சுவர் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் ஆட்டினால் தாங்காது. மாடித் தளத்துக்கும் சுவருக்கும் சரியான பிணைப்பு இல்லாததால் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து பிரிகிறது. இடிக்காமல் சரிசெய்ய என்ன வழி? ஒரு சுவரில் துளையிட்டு, மாடித் தளத்தின் மட்டத்தில் நீள இரும்புக் கம்பியை விட்டு, எதிர்ச் சுவருக்கு வெளியே எடுத்து, இரண்டு முனையிலும் தகடு வைத்து மரை முடுக்குவது. நடுவில் ஒரு திருகு இணைப்பு இருக்கும், அதைத் திருகினால் கம்பி இறுகிச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து இழுபடும். நீங்கள் பார்த்தது அந்த வெளித் தகடுதான். சிலர் வட்டமாக விட்டார்கள், சிலர் நட்சத்திரம், சிலர் பெருக்கல் குறி, காசுள்ளவர்கள் அதன்மேல் சிங்க முகம் வார்த்து மாட்டினார்கள்.

பலன் உண்டா என்றால், அதற்குப் பிறகு அந்த அளவுக்குப் பெரிய நடுக்கம் வரவில்லை, ஆகவே சோதனையே நடக்கவில்லை. பொறியாளர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. கம்பி துருப்பிடித்தால் உப்பிச் சுவரையே பிளக்கும் என்பது தனித் தலைவலி.

இதைவிட அந்த வீடுகளுக்குப் பெரிய எதிரி சிமெண்ட் என்பேன். பழைய செங்கல் மென்மையானது, நிறைய ஈரம் குடிக்கும், நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மை, ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் வெளியே போகும். கரைந்தால் காரைதான் கரையும், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து இடைவெளிகளில் போர்ட்லேண்ட் சிமெண்ட்டை அடைத்தார்கள். அது செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை விடாது. இப்போது ஈரம் செங்கல் முகத்தின் வழியாக வெளியேறுகிறது, கடல் காற்றின் உப்பும் சேர்ந்து முகம் பொரிப் பொரியாக உதிர்கிறது. அடுத்த முறை போனால் பாருங்கள், காரை துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்திருக்கும் சுவர்கள் நிறையக் கிடைக்கும்.

1989 ஹியூகோ புயலுக்குப் பிறகு இந்த வேலை தெரிந்த ஆட்களே இல்லை என்பது ஊருக்கு உறைத்தது. அதன் விளைவாகத்தான் அங்கே கொல்லு, கல், பூச்சு, தச்சு வேலைகளுக்கென்றே ஒரு கல்லூரி வந்தது, அமெரிக்கக் கட்டடக் கலைகள் கல்லூரி என்று பெயர்.

வடக்குச்சன்னல்:

மனைவியின் கேள்விக்குப் பதில்: இரண்டும்தான்.

முதல் காரணம் வறுமை. உள்நாட்டுப் போருக்குப் பின் ஊரில் காசில்லை, காசில்லாத ஊரில் யாரும் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மாட்டார்கள். 1920களில் நிலைமை வேறு மாதிரி ஆனது. கார் வந்தது, பெட்ரோல் பங்க் போட மூலை வீடுகளை இடித்தார்கள். வடக்கத்திய அருங்காட்சியகங்களும் பணக்காரர்களும் வந்து வீட்டின் உள் மரவேலைப்பாட்டை அறை அறையாகக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள், டிராட் தெரு ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் அறைகள் மினியாபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1920இல் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற பெண்மணி, வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர், ஜோசப் மானிகோ வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆட்களைத் திரட்டிச் சங்கம் ஆரம்பித்தார். 1931இல் நகராட்சி சட்டம் போட்டது. அமெரிக்காவில் ஒரு பகுதி முழுவதையும் வரலாற்று வட்டாரம் என்று வரையறுத்து, வெளித்தோற்றத்தை மாற்ற ஒரு குழுவின் அனுமதி வேண்டும் என்று சொன்ன முதல் சட்டம் அதுதான்.

ஜோடித்தது என்றால் ரெயின்போ ரோ. கிழக்கு பே தெருவில் 13 வீடுகள், கப்பல் துறைக்கு எதிரே வியாபாரிகள் கீழே கடை, மேலே குடித்தனம் என்று வைத்திருந்தவை, சிங்கிள் ஹவுஸ் இல்லை. 1920களில் அது சேரி. டோரதி லெக் என்பவர் 1931 வாக்கில் அங்கே வீடு வாங்கி இளஞ்சிவப்பு அடித்தார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். குடித்துவிட்டு வரும் மாலுமிக்கு வீடு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பூசிய வண்ணம் என்று அங்கே விற்கும் கதையை, வரிக் கதை வைத்திருக்கும் பெட்டியிலேயே போடுங்கள்.

பழையசாவி:

அந்தப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு வரி விடுபடுகிறது. வீடுகளைக் காப்பாற்றினார்கள், குடியிருந்தவர்களை இல்லை. பழைய வீடுகளில் போருக்குப் பின் கறுப்பினக் குடும்பங்கள் வாடகைக்கு நெருக்கியடித்து இருந்தன. சீர்செய்யத் தொடங்கியதும் வாடகை ஏறியது, அவர்கள் வெளியேறினார்கள். ரெயின்போ ரோவிலும் நடந்தது, 1950களின் கடைசியில் ஆன்சன்பரோ பகுதியில் அறக்கட்டளை ஒன்று வீடுகளை வாங்கி, நிபந்தனை எழுதி விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்கியபோதும் நடந்தது. கட்டடக்கலைப் பாடத்தில் அதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லித் தருகிறார்கள்.

ஓதநீர்:

கடைசியாக நானும். அந்தப் பகுதியில் வாட்டர் தெரு என்று ஒன்று இருக்கிறது, அது ஓடையைத் தூர்த்துப் போட்ட தெரு. அப்படித் தூர்த்த இடங்கள் நிறைய, பெரிய ஓதம் வந்தால் மழையே இல்லாமல் தண்ணீர் அதே பழைய வழியில் ஏறும். 2017 இர்மா புயலில் முனை முழுக்கத் தண்ணீர். அதுவரை பழைய வீட்டை உயர்த்த அனுமதி தரத் தயங்கிய அந்த நகராட்சிக் குழு, பிறகு விதிகளை எழுதி வழி விட்டது. இப்போது வீட்டை அடியோடு பலகையடுக்கில் தூக்கி, கீழே புது அஸ்திவாரம் கட்டுகிறார்கள்.

இதில் சிங்கிள் ஹவுஸுக்குத்தான் சங்கடம். தெருக்கதவு நடைபாதையை ஒட்டியே இருப்பதால் வெளியே படிக்கட்டு வைக்க இடமில்லை. வீடு ஐந்தாறு அடி ஏறினால் கதவை எங்கே வைப்பது? கதவைக் கீழேயே விட்டுவிட்டு உள்ளே பியாசாவுக்கு ஏறப் படி வைக்கிறார்கள். கதவையும் சேர்த்துத் தூக்கினால் படி நடைபாதையில் வந்து விழும். முதல் வழி பரவாயில்லை, ஆனால் வரிசையில் ஒன்று மட்டும் ஏறி நிற்கும்போது பக்கத்து வீட்டு பியாசா மேல் பார்வை விழுகிறது. வடக்குச்சன்னல் சொன்ன மரியாதையெல்லாம் அங்கே அடிபடும். ஆனாலும் வீடு நனைந்து அழுகுவதைவிட ஏற்றுவதே மேல் என்பது என் கட்சி.

சுண்ணாம்புக்காரை:

பின்கட்டு பார்க்க நடைப்பிரியன் கேட்டாரே, எலிசபெத் தெருவில் ஏகன்-ரெட் வீட்டுக்குப் போங்கள். பிராட் தெருவிலிருந்து வடக்கே நல்ல நடை. 1820 வாக்கில் கட்டியது, அதைப் புதுப்பிக்காமல் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள், உரிந்த சுவர்த்தாள் கூட அப்படியே தொங்கும். சமையல் கட்டு, லாயம், மாடியில் அடிமைகளின் அறைகள், பின்மதில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மீட்டிங் தெருவின் நதானியேல் ரஸல் வீடு 1808, அந்தரத்தில் வளைந்து ஏறும் மாடிப்படிக்காக எல்லோரும் அங்கேதான் முதலில் போவார்கள். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஏகன்-ரெட்.

வண்டியில் ஏறாமல் டிராட் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால், மேலே சொன்ன முகம், முதுகு, இரும்புத் தகடு, குழிந்த செங்கல் எல்லாம் அந்த ஒரு தெருவிலேயே கிடைக்கும்.